தோற்றவன் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்கள்

அமெரிக்கக் கால்பந்து லீக்கின் முதிர்ச்சித் துறை ஆண்டுதோறும் ஒரு கையேடு போடும். நூற்று நாற்பது பக்கம், வழவழப்பான தாள். தோற்றுப்போன குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து அணியை நடத்துகிறவன், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அட்டையிலிருந்து அட்டை வரை. ஜெயித்தவனுக்கு அப்படியொரு கையேடு கிடையாது. அவன் மேசை மேல் ஏறி ஆடலாம், சுருட்டு பிடிக்கலாம், அடுத்தவன் தலையில் ஷாம்பெயினைக் கொட்டலாம். முதிர்ச்சி என்பது தோற்றவனுக்கு மட்டும் வரவேண்டிய வியாதி என்று லீக் முடிவுகட்டி வெகுகாலம் ஆகிறது.

தோற்றவன் தலைக்கவசத்தைக் கழற்றி இடது கையில் பிடிக்க வேண்டும். வீசக் கூடாது. நடு மைதானத்துக்கு நடந்து போய் ஜெயித்த குவார்ட்டர்பேக்கின் கையைக் குலுக்க வேண்டும். மூன்று நொடிக்குக் குறைந்தால் அது முறைப்பு, ஆறைத் தாண்டினால் நடிப்பு. அழலாம், ஆனால் கண்ணீர் தாடையைத் தொடக் கூடாது. பிறகு பத்திரிகையாளர் அறை. அங்கே மூன்று வாக்கியங்கள். எதிரணியைப் பாராட்டி ஒன்று, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஒன்று, ரசிகர்களுக்கு நன்றி சொல்லி ஒன்று. நடுவில் இருக்கும் அந்த இரண்டாம் வாக்கியத்துக்குத்தான் அதிக மதிப்பெண்.

டேட்டன் கொல்லர்கள் அணியின் குவார்ட்டர்பேக் கோல்பி ரௌஷ் இதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தான். அந்த ஜனவரி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலேகால் மணிக்கு, சொந்த ஊர் மைதானத்தில், எழுபதாயிரம் பேர் முன்னால், மகுட ஆட்டத்தில் அவன் தோற்றான்.

தோற்ற விதம் இது. டக்சன் தேள்கள் நாலு புள்ளி முன்னே. மிச்சம் பதினோரு நொடி. எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு ஒன்பதே கெஜம், அதற்கு அப்பால் பந்தைப் பிடித்தால் ஆறு புள்ளி. பந்து கைக்கு வருவதற்கு முன்னால் கோல்பி எதிரணி நின்ற நிலையைப் பார்த்தான், திட்டத்தை மாற்றினான், பந்தைப் பிடிக்க ஓரத்தில் நின்ற லவெல் மாஸ்பிக்குச் சைகை காட்டினான், பந்து வந்ததும் இடது மூலைக்கு எறிந்தான். அந்த மூலையில் மாஸ்பி இல்லை. டக்சன்காரன் ஒருவன் இருந்தான். தன் பெயருக்கு வந்த பார்சலைப் போல அதை வாங்கிக்கொண்டான். மாஸ்பி வேறெங்கோ நேராக ஓடிக்கொண்டிருந்தான். எழுபதாயிரம் பேரும் அதைப் பார்த்தார்கள். தொலைக்காட்சியில் அவனைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டார்கள்.

கோல்பி தலைக்கவசத்தை இடது கையில் பிடித்தான். கையைக் குலுக்கினான். மஞ்சள் அங்கி போட்ட துறைப் பார்வையாளர் ஒருவர் கடிகாரத்தோடு பக்கத்திலேயே வந்தார்.

"நாலு புள்ளி ரெண்டு நொடி. பிரமாதம் சார். தோள்ல ஒரு தட்டு தட்டியிருந்தா இன்னும் கால் மார்க் வந்திருக்கும்" என்றார்.

உடைமாற்றும் அறையில் மாஸ்பி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கணுக்காலில் சுற்றிய பட்டையைப் பாதி வெட்டிவிட்டுக் கத்தரிக்கோலைக் கையிலேயே வைத்திருந்தான். கோல்பி பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"லவெல், மூலைக்குக் குட்டையாத் திரும்பச் சொல்லித்தானே சைகை காட்டுனேன்? ஹெல்மெட்டத் தட்டுனேனே, பாக்கலையா?"

"பாத்தேன்டா. ஹெல்மெட்டத் தட்டுனா நேரா ஓடணும். குட்டையாத் திரும்புறதுக்குத் தொடையத் தட்டணும்."

"ஹெல்மெட்டுதான் குட்டை."

"அது போன வாரம்."

எதிரணிக்காரர்கள் பழைய ஆட்டப் படங்களைப் போட்டுப் பார்த்துச் சைகைகளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், செவ்வாய்க்கிழமை தோறும் கோச் டன்லப் எல்லாவற்றையும் மாற்றிப் புதுச் சீட்டு கொடுப்பார். அந்தச் சீட்டு கோல்பியின் மணிக்கட்டிலேயே கட்டியிருந்தது. ஆட்டம் முழுக்க அங்கேதான் இருந்தது. இப்போதுதான் ஆறாவது வரியைப் படித்தான். ஹெல்மெட், நேர் ஓட்டம்.

"அப்ப தப்பு என்னோடது" என்றான்.

"ஆமா, உன்னோடதுதான்" என்றான் மாஸ்பி, கோபமே இல்லாமல். "ஆனா கோச் கூட்டம் அந்த மூலையில நின்னு பேசுது பாரு. ஒருத்தராவது என் பக்கம் திரும்புறாங்களா? இது எப்பிடி முடியும்னு எனக்குத் தெரியும். மூணு ஊர்ல பாத்திருக்கேன்."

மாஸ்பிக்கு முப்பது வயது. ஏழு வருஷத்தில் நாலு அணி. இந்தத் தொழிலில் யாரையும் நேராக வேலையை விட்டுப் போ என்று சொல்ல மாட்டார்கள். ஒரு ஆள் வந்து, கோச் கூப்பிடுகிறார், அணியின் திட்டங்கள் இருக்கும் உன் ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா என்பான். அவ்வளவுதான், புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஊரைக் காலிசெய்ய வேண்டியதுதான். மாஸ்பி மூன்று முறை அப்படிக் காலிசெய்தவன். டேட்டனில்தான் முதல் தடவையாக இரண்டு வருஷம் தாக்குப்பிடித்திருந்தான். அவன் மகள் ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வகுப்புக்குப் போனதை அவன் அறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"கவலப்படாத. நான் இப்ப மைக் முன்னாலதான் போறேன். எல்லார்கிட்டயும் நடந்ததச் சொல்லிடுறேன்" என்றான் கோல்பி.

"சொல்லு மச்சி. விளக்கமாச் சொல்லு."

கோல்பி எழுந்து போனான். உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைக்கும் வயது அவனுக்கு. இருபத்தாறு.

பத்திரிகையாளர் அறையின் முதல் வரிசையில் முதிர்ச்சித் துறைத் தலைவர் டாக்டர் கொரின் ஹேவர்ஸ்டாக் மதிப்பெண் அட்டையோடு உட்கார்ந்திருந்தார். துக்க மேலாண்மையில் பட்டம் வாங்கியவர். வாழ்நாளில் எந்த விளையாட்டும் ஆடியதில்லை, அதனால் அவருக்குப் பாரபட்சம் கிடையாது என்று துறை பெருமையாகச் சொல்லும்.

கோல்பி மைக்கைப் பிடித்தான். "டக்சன் நல்லா ஆடுனாங்க. கடைசிப் பந்து என் தப்பு."

அறை முழுக்கத் தலைகள் ஆடின. ஹேவர்ஸ்டாக் அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டார்.

"இல்ல, கேளுங்க. நெசமாவே என் தப்பு. நான் தப்பான சைகை காட்டுனேன். போன வாரத்துச் சைகை. லவெல் சரியாத்தான் ஓடுனான்."

"அடடா" என்று பின்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

டேட்டன் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் எர்ல் பிங்கம் எழுந்தார். "கோல்பி, மாஸ்பி பண்ணது உங்க மகுடத்தையே பறிச்சிருக்கு. இருந்தும் அவர இப்பிடி காப்பாத்துறீங்களே, இந்த மனசு எங்கேர்ந்து வந்துச்சு? அம்மாகிட்டேர்ந்தா?"

"நான் யாரையும் காப்பாத்தல. இந்தச் சீட்டப் பாருங்க." கோல்பி மணிக்கட்டை மைக்குக்கு மேலே தூக்கிக் காட்டினான். "ஆறாவது வரி."

இருபது கேமராக்கள் மின்னின. எல்லாம் அவன் முகத்தைத்தான் எடுத்தன. மணிக்கட்டை உயர்த்தி நின்ற அந்தக் கோலம் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் வந்தது. சீட்டில் இருந்த எழுத்து எந்தப் படத்திலும் தெளிவாக விழவில்லை.

"படம் வரைஞ்சு காட்டட்டுமா?" என்றான். பலகையில் வரைந்தான். மாஸ்பிக்கு ஒரு வட்டம், பந்துக்கு ஒரு கோடு, தனக்கு ஒரு பெருக்கல் குறி. அந்தப் பெருக்கல் குறியின் மேல் சுண்ணக்கட்டியால் நாலு தடவை குத்தி, "முட்டாள் இங்க நிக்கிறான்" என்றான்.

அறை எழுந்து நின்று கைதட்டியது. ஹேவர்ஸ்டாக்கின் கண்ணீர் தாடையையும் தாண்டிப் போனது. ஆனால் அவர் ஆட்டக்காரர் இல்லை என்பதால் விதி அவருக்குப் பொருந்தாது.

"பத்துக்கு ஒம்பது புள்ளி எட்டு" என்றார் தழுதழுத்து. "இந்தத் துறை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இப்பிடி ஒரு ரெண்டாவது வாக்கியத்த நான் கேட்டதில்ல."

அறைக்கு வெளியே கோச் டன்லப் காத்திருந்தார். கழுத்தில் விசில், வாயில் சூயிங்கம். கோல்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அழகா இருந்துச்சுடா பையா. எனக்கே நம்பணும்போல இருந்துச்சு."

"கோச், அது உண்மை. நீங்கதானே சீட்டு எழுதுனீங்க? ஆறாவது வரி."

"எழுதுனேன். செவ்வாக்கெழம எழுதுனது ஞாயித்துக்கெழம யாருக்கு ஞாபகம் இருக்கு? நீ இவ்ளோ பெரிய மனசோட பழியத் தூக்கிக்கிட்டேன்னா, அவன் எவ்ளோ பெரிய தப்புப் பண்ணியிருக்கணும்னு எனக்கு இப்பதான் ஒறைக்கிது. புதன்கெழம அவனக் கூப்பிட்டுப் பேசலாம்னு இருந்தேன். நாளைக்கே பேசிடலாம்."

"ஐயோ, கோச்! படத்தப் போட்டுப் பாருங்க. ஒரு நிமிஷம் ஆகாது."

டன்லப் சூயிங்கம் மெல்வதை நிறுத்தினார். முகத்தில் வருத்தம். "நீ முதிர்ச்சியாப் பேசியிருக்க. அதப் போய் நான் சரிபாத்தா, உன்ன அவமானப்படுத்துன மாதிரி ஆயிடாதா? எனக்கும் கொஞ்சம் நாகரிகம் இருக்குடா."

இப்படிச் சொல்லிவிட்டு அவனை அமைதி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். தோற்ற குவார்ட்டர்பேக் தன்னைத் தேற்றிக்கொள்ள லீக் எல்லா மைதானத்திலும் அமைதி அறை கட்டி வைத்திருக்கிறது. லாவெண்டர் வாசனை, அருவிச் சத்தம், ஜன்னல் இல்லை. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியும் இல்லை. தொலைபேசியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். ஐந்தரை மணிக்கு மாண்புமிகு தோல்விக் கோப்பை விழா, நாடெங்கும் நேரடி ஒளிபரப்பு, அதுவரை ஓய்வெடுங்கள் என்றது ஒரு குரல், அருவிக்கு நடுவிலிருந்து.

கோல்பி கதவைத் தட்டினான். அருவிச் சத்தம் கொஞ்சம் கூடியது. கத்தினான். லாவெண்டர் கூடியது. மறுநாள் காலையில் ஒரு ஆள் மாஸ்பியிடம் வந்து புத்தகத்தை எடுத்து வரச் சொல்வான், தான் வாயைத் திறக்கத் திறக்க அந்த ஆள் வேகமாக நடந்து வருகிறான் என்பது அவனுக்குப் புரிந்தது. தான் செய்த தப்புக்கு இன்னொருவன் பெட்டி கட்டப் போகிறான் என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கோப்பை வேறு கொடுக்கப் போகிறார்கள்.

படிக்க அங்கே கையேட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. எடுத்துப் புரட்டினான். நூற்று இருபதாவது பக்கத்துக்குப் பிறகு யாரும் படிப்பதில்லை, அவனும் படித்ததில்லை. நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. பழியைத் தன்மேல் ஏற்கும் கூற்று பெருந்தன்மையானது, ஆகவே அதைச் சோதிக்கக் கூடாது. பழியைச் சக ஆட்டக்காரன்மேல் போடும் கூற்று முதிர்ச்சியற்றது, ஆகவே அதை ஒளிப்பதிவோடும் சைகைச் சீட்டோடும் அக்கணமே ஒப்பிட்டுச் சோதித்து, முடிவை நாடறிய அறிவிக்க வேண்டும்.

கோல்பி அதை மூன்று முறை படித்தான். தன்னைக் குற்றம் சொன்னால் நம்பவும் மாட்டார்கள், பார்க்கவும் மாட்டார்கள். மாஸ்பியைக் குற்றம் சொன்னால் உடனே படத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். உண்மையை வெளியே கொண்டுவர லீக்கில் ஒரே ஒரு வழிதான் இருந்தது, அது பொய் சொல்வது.

ஐந்தரைக்குக் கதவைத் திறந்து அவனை மேடைக்குக் கூட்டிப் போனார்கள். ஆணையர் வின்ஃபீல்ட் பிராட் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளைத் தலை, கருநீலக் கோட்டு, நல்ல குரல்.

"நண்பர்களே, உண்மைய யார் வேணும்னாலும் பேசலாம். அதுக்குப் பயிற்சி வேண்டாம், செலவு வேண்டாம். ஆனா உண்மை எதுன்னு கவலப்படாம அழகாப் பேசுறதுக்கு ஒரு மனுஷன் பண்பட்டிருக்கணும். முப்பது வருஷமா இந்த லீக் அதத்தான் வளத்துட்டு வருது. கால் ஒடைஞ்சு கெடக்குறவன் கூட ‘நல்ல ஆட்டம்’னு சொல்லிட்டுத்தான் ஸ்ட்ரெச்சர்ல ஏறணும். ஏறுறான்! அதான் நம்ம பெரும. இன்னிக்குச் சாயங்காலம், தன்னக் கவுத்துவிட்ட ஒரு சக ஆட்டக்காரன ஒரு இளைஞன் எப்பிடித் தாங்கிப் பிடிச்சான்னு நாடே பாத்துச்சு."

கோப்பை வெள்ளி. தலை குனிந்த ஒரு உருவம் அதன் உச்சியில் நின்றது. கோல்பி அதை வாங்கி மேசை மேல் வைத்தான். மைக்கைப் பிடித்தான்.

"நான் யோசிச்சுப் பாத்தேன். தப்பு மாஸ்பியோடது" என்றான்.

அரங்கத்தில் யாரோ இருமினார்கள்.

"முழுக்க அவனோடதுதான். நான் சரியான சைகைதான் காட்டுனேன். அவனுக்குக் கண்ணு தெரியல. டக்சன்காரங்க ஒண்ணும் ஒசத்தியா ஆடல, அவங்களுக்கு அதிர்ஷ்டம். நடுவருங்க காசு வாங்கியிருப்பாங்க. இந்த ஊர் ரசிகருங்க சத்தம் போட்டுப் போட்டு என் கவனத்தக் கெடுத்துட்டாங்க." எதுவும் விட்டுப்போய்விடக் கூடாதே என்று அவனுக்குப் பயம். மேசையைக் காலால் ஓர் எத்து எத்தினான். கோப்பை உருண்டு கீழே விழுந்தது, குனிந்த தலை தனியாகக் கழன்று ஓடியது.

ஹேவர்ஸ்டாக் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள். பிராட் மைக்கைப் பிடுங்கினார். "நூத்தி முப்பத்தோராம் பக்கம்! உடனே படத்தப் போடுங்க!"

பதினோரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. பெரிய திரையில் கோல்பி ஹெல்மெட்டைத் தட்டினான். பக்கத்திலேயே சைகைச் சீட்டின் ஆறாவது வரியை ஆளுயரத்துக்குப் போட்டார்கள். மளிகைக்கடையிலும் மதுக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் ஊர் நின்று பார்த்தது. மாஸ்பி சொன்னபடிதான் ஓடினான், தப்பு ரௌஷ் மீது என்று ஆணையர் தன் வாயால் அறிவித்தார். கோல்பிக்கு எட்டு ஆட்டம் தடை, ஆறு வாரம் முதிர்ச்சிப் பள்ளி. அவனுக்கு மூச்சு வந்தது. வாழ்க்கையில் இப்படி நிம்மதியாக அவன் எந்த ஆட்டத்தையும் ஜெயித்ததில்லை.

அந்த நிம்மதி கால்மணி நேரம் நீடித்தது. இழிவுபடுத்தப்பட்ட ஆட்டக்காரனுக்கும் கையேட்டில் ஒரு அத்தியாயம் உண்டு.

மாஸ்பியை மைக்குக்குக் கூட்டி வந்தார்கள். குளித்துவிட்டு ஒரு சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தான். கோல்பியை இரண்டு பாதுகாவலர்கள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்திருந்தார்கள். ஹேவர்ஸ்டாக் தெளிந்து எழுந்து மாஸ்பியின் காதருகே பேசியது தடுப்புக்குள் இருந்த ஒலிபெருக்கி வழியாக அவனுக்குக் கேட்டது.

"மாஸ்பி, நீங்க பாதிக்கப்பட்டவரு. அதனால உங்ககிட்ட நாங்க எதிர்பாக்குறது இன்னும் அதிகம். அவர மன்னிக்கணும், டக்சனப் பாராட்டணும். ரெண்டாவது வாக்கியம் உங்களுக்கே தெரியும்."

"தப்பு என்னோடது இல்லன்னு இப்பதானேம்மா திரையில போட்டீங்க?"

"ஆமா. அதனாலதான் அதச் சொன்னா இன்னும் அழகா இருக்கும்."

கோல்பி கண்ணாடியைத் தட்டினான். "சொல்லாத லவெல்! அத மட்டும் சொல்லாத!"

கண்ணாடி கனமானது. மாஸ்பி அவன் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு மைக்கைச் சரிசெய்துகொண்டான்.

"டக்சன் நல்ல டீம். கோல்பி என் தம்பி மாதிரி, அவன்மேல எனக்கு வருத்தம் இல்ல. சைகை எதுவா இருந்தாலும், பந்து எங்க வரும்னு தெரிஞ்சு அங்க போயி நிக்கிறதுதான் என் வேல. நான் நிக்கல. தப்பு என்னோடது. டேட்டன் ஜனங்களுக்கு நன்றி."

அரங்கம் எழுந்து நின்றது. ஒன்பது புள்ளி ஒன்பது. தலை கழன்ற கோப்பையைத் துடைத்து, தலையைப் பசை போட்டு ஒட்டி அவனிடம் கொடுத்தார்கள். பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்ட கூற்று என்பதால் அதை யாரும் சோதிக்கவில்லை. கோச் டன்லப் கண்களைத் துடைத்துக்கொண்டு உதவியாளரிடம் சொன்னார், "என்ன மனுஷன்டா! இவன அனுப்பவே மனசு வரல. ஆனா அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான், இனி நாம என்ன பண்ண முடியும்?"

மறுநாள் வரை காத்திருக்கவில்லை, அன்றைக்கே அனுப்பினார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் பனி லேசாக விழுந்துகொண்டிருந்தது. மாஸ்பியின் வண்டிக்கு இன்னும் அவன் சொந்த மாநிலமான ஜார்ஜியாவின் எண் பலகைதான். நாலு ஊரிலும் அதை அவன் மாற்றவே இல்லை. பின்பக்கத்தில் இரண்டு அட்டைப்பெட்டி, ஒரு பை, அந்தக் கோப்பை. கோல்பி மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"ஏன்டா சொன்ன? எல்லாம் முடிஞ்சிருச்சே! உன் தப்பு இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சிருச்சே! அதுக்குத்தான் நான் அந்த மேடையில நாய் மாதிரி கொரைச்சேன்!"

"தெரியும். மொதல்ல உன் மூக்க ஒடைக்கணும்னு இருந்துச்சு. படத்தப் போட்டதும் புரிஞ்சிருச்சு. நல்ல காரியம்தான் பண்ணுன." மாஸ்பி கண்ணாடியில் படிந்த பனியைச் சட்டைக் கையால் துடைத்தான். "உனக்கு எட்டு ஆட்டம் தடை. ஒம்பதாவது ஆட்டத்துக்கு ஊரே வந்து உக்காந்திருக்கும். கோல்பி திருந்திட்டான்னு புத்தகம் போடுவாங்க. நான் என் தப்பு இல்லன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"இங்கயே இருந்திருப்ப."

"ஒரு வருஷம் இருந்திருப்பேன். அப்புறம்? முப்பது டீம் இருக்கு. தப்பா ஓடுனவன்னு பேர் இருந்தா எவனாவது ஒருத்தன் கூப்பிடுவான், சொல்லிக்குடுத்துக்கலாம்னு. சரியா ஓடுனேன்னு மைக்குல சொன்னவன எவனும் கூப்பிட மாட்டான்டா."

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தான். என்ஜின் இரண்டாவது தடவைதான் பிடித்தது. கோல்பி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும், மனசறிந்து, இந்த ஆளிடமாவது. தப்பு என்னோடது என்று சொல்ல வாயைத் திறந்தான். அந்த வார்த்தை தன் காதிலேயே இரண்டாவது வாக்கியமாகத்தான் விழும் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டான்.